ஐம்பது வயதுக்குப் பிறகு எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்யலாமா?

செய்யலாம். 55, 60 வயது என்பது மட்டும் தடையல்ல. இதயம், நுரையீரல், சிறுநீரகம் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

பரவலாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி அகற்றி, மீதியை ஒடுங்கிய குழாயாக விடுவார்கள். கொத்தால் அளந்த வயிற்றுக்கு இனிச் சுண்டுதான். ஆனால் எடை இறங்குவதற்குக் கொள்ளளவு குறைவது பாதிக் காரணமே. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெருமளவு சுரப்பது அகற்றப்படும் அந்தப் பகுதியில்தான். அதனால் பசியும் அடங்குகிறது.

இந்த வயதில் மிகவும் கவலைக்குரியது தசை இழப்பு. கொழுப்போடு தசையும் கரையும், பிறகு லேசில் திரும்பாது. எலும்பும் மெலிவதால் விழுந்தால் முறியும். ஆகவே நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும்: முதலில் மீன், முட்டை, பயறு, கௌபி, சோறும் புட்டும் கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆயுள் முழுவதும் தேவை. நீரிழிவு, பிரஷர் மருந்துகளை வைத்தியர் விரைவிலேயே குறைக்க வேண்டிவரும்; இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டால் சீனி தாழ்ந்து மயக்கம் வரலாம்.

முதல் வாரங்களில் காய்ச்சல், படபடப்பு, கடும் வயிற்று வலி, இடது தோள் வலி வந்தால், தைத்த இடம் கசிகிறதோ என்று சந்தேகியுங்கள். முல்லைத்தீவின் உட்கிராமமொன்றில் இருந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல; வெட்டப்படுவது இரைப்பை, கொழுப்பு மாதக்கணக்கில் மெல்லக் குறைகிறது, பழைய சாப்பாட்டு முறைக்குத் திரும்பினால் எடையும் திரும்பி வரும்.