காலில் பலம் இருக்கட்டும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள் எழுதியவை. ஒவ்வொன்றிலும் எங்கோ ஓர் இடத்தில் 'இனிமே என்ன' என்ற வார்த்தை இருந்தது. பிசியோதெரபிஸ்ட்டாக இத்தனை வருடம் வேலை பார்த்த எனக்கு அந்த வார்த்தைதான் மூட்டு வலியை விடக் கவலை தருகிறது. அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: அரசுப் பேருந்து ஓட்டுநர் நான், வயது 48. விடியற்காலை டெப்போவுக்குப் போனால் வீடு திரும்ப இரவாகிவிடும், நாள் முழுக்க சீட்டில்தான். தொப்பை போட்டுவிட்டது. சுகர் பார்டரில் இருக்கிறது, தினமும் நடங்கள் என்கிறார் டாக்டர். எந்த நேரத்தில், எங்கே போய் நடப்பது? – ஒரு வாசகர், விழுப்புரம்

உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு முதலில் தெளிவாகக் காட்டியவர்களே உங்கள் தொழில்காரர்கள்தான், தெரியுமா? லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் அந்த ஊர் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார், முடிவுகள் 1953-ல் 'லான்செட்' இதழில் வந்தன. ஒரே ஊர், ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பம், ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு வந்த மாரடைப்பு, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு அந்த அளவுக்கு வரவில்லை. நடத்துநர்கள் ஒரு நாளைக்கு ஏறிய படிகள் ஐந்நூறுக்கு மேல். அவர்கள் யாரும் ஜிம்முக்குப் போகவில்லை, அதிகாலை எழுந்து பார்க்கில் நடக்கவில்லை. வேலைக்கு நடுவே துண்டு துண்டாக உடம்பு அசைந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கும் அந்தத் துண்டுகள்தான் வழி. ஒரு டிரிப் முடிந்து அடுத்ததுக்குக் காத்திருக்கும்போது சீட்டிலேயே சாய்ந்து ஃபோன் பார்க்காமல் இறங்கி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கொஞ்சம் வேகமாக, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில், பத்து நிமிடம் நடங்கள். அப்படி ஒரு நாளைக்கு மூன்று முறை, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று சொல்லும் கணக்கு அதுதான். அதிலும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு பத்து நிமிடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். வேலை செய்கிற கால் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் எகிறுவது குறையும்.

அப்புறம் டீ. ஆறு டீ குடிப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பன்னிரண்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது மருத்துவக் கணக்கு. ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் நாலு நாளில் பழையபடி ஆகிவிடும், இந்த வாரம் மாஸ்டரிடம் 'சர்க்கரை பாதி' என்று மட்டும் சொல்லுங்கள். எடை மெஷினை விட இஞ்ச் டேப்பை நம்புங்கள்: நம் ஊர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆமாம் என்றால், பகலில் கண் சொக்குகிறது என்றால், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தொப்பையோடு சேர்ந்து வருகிற தொல்லை இது, வைத்தியம் இருக்கிறது, உங்கள் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா? எனக்கு ஆறாயிரத்தைத் தாண்டவில்லை. – ஒரு வாசகி, நாகர்கோவில்

வேண்டியதில்லை. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள், அந்த எண் அங்கிருந்து வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளின்படி ஏழாயிரத்தை ஒட்டியே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது. ஆறாயிரம் நல்ல எண், கடைக்கு ஒரு நடை கூட்டினால் முடிந்தது.

கேள்வி: வயது 51, எடை 68 கிலோ, சைவம். மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன், ஒரு நாள் விட்டதில்லை. ஆனாலும் முட்டி வலிக்கிறது, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. தேய்மானம், இனி நடக்காதீர்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நடக்கவா, நிறுத்தவா? – ஒரு வாசகி, கும்பகோணம்

நிறுத்தாதீர்கள் அம்மா. உங்களிடம் குறைவது நடை இல்லை, தொடையில் பலம்.

இதை நான் கிட்டத்தட்ட தினமும் பார்க்கிறேன். ஒழுங்காக நடக்கிற பெண்கள், நடை தவிர வேறெதுவும் செய்யாத பெண்கள். முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை தானாகவே கரைகிறது, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாக அடர்த்தி இழக்கிறது. நடை இதயத்துக்கு நல்லது, சுகருக்கு நல்லது, மனசுக்கு ரொம்ப நல்லது, ஆனால் கரைகிற தசையைத் திரும்பக் கட்ட அது போதாது. தசை வளர வேண்டுமென்றால் அதற்குப் பாரம் கொடுக்க வேண்டும். முட்டிக்கு மேலே இருக்கும் தொடைத் தசை வலுவாக இருந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் அது வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் மூட்டுதான் வாங்க வேண்டும். 'முட்டி போயிடுச்சு' என்று இந்தியன் டாய்லெட்டை இடித்து வெஸ்டர்ன் வைத்து, தரையில் உட்காருவதை நிறுத்தி, மாடி ஏறுவதை நிறுத்தி, இருந்த கொஞ்ச பலத்தையும் இழந்துபோய் அறுபத்தைந்தில் வாக்கரோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது, ஏனென்றால் ஐம்பதில் ஒரு நாற்காலியும் கால் மணி நேரமும் இருந்திருந்தால் போதும்.

அந்த நாற்காலிதான் உங்கள் ஜிம். கை வைக்காத, நகராத நாற்காலியைச் சுவரோடு போட்டுக்கொண்டு, கைகளை மார்பில் கட்டியபடி எழுந்து நில்லுங்கள், மெதுவாக, மனசுக்குள் மூன்று எண்ணியபடி உட்காருங்கள். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. முதல் வாரம் முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி ஐந்து விநாடி பிடித்து இறக்குவது இன்னொன்று. பால் காயும்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் சேர்த்தால் மேல் உடம்புக்கும் ஆயிற்று. வாரத்தில் மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சுலபமாகிவிட்டால் கையில் இரண்டு கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு எழுங்கள், சுலபமாக இருக்கும் வரை தசை வளராது. செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலையில் வழக்கத்தை விட அதிகமாக வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கிய இடத்திலேயே சிக்கி நின்றாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் எட்டு வாரமாவது விடாமல் செய்யுங்கள், அதற்கு முன் முடிவு கட்ட வேண்டாம்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், உங்கள் எடைக்கு 56 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் சாதம் சாம்பார் மோர், இரவு தோசை, இரண்டு காபி என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் பார்த்தால் 35-ஐ ஒட்டித்தான் வரும். மீதியைக் கொண்டுவர பவுடர் டப்பா வாங்க வேண்டாம். சாயங்காலம் முறுக்கு, பிஸ்கட் இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, ஏழெட்டு கிராம் அதிலேயே ஆயிற்று. சாம்பாரில் மேலாக ஊற்றிக்கொள்வதை விட்டு அடியில் இருக்கும் பருப்பை எடுங்கள், மோருக்குப் பதில் கெட்டித் தயிர், நாலு நாளைக்கு ஒரு முறை பனீர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேழ்வரகு அடையோ கூழோ இருக்கட்டும், 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் அதில் இருக்கிறது.

எடையைப் பற்றி நீங்கள் ரொம்ப வருத்தப்பட்டிருந்தீர்கள். பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று மலைக்க வேண்டாம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. மூன்று கிலோ இறங்கினாலே படியில் தெரியும்.

கேள்வி: எனக்கு 55. ஜிம்மில் சேரலாம் என்றால் பையன் சிரிக்கிறான். முப்பது வருடம் உடம்பைக் கவனிக்காதவனுக்கு இனிமேல் பலன் இருக்குமா? – ஒரு வாசகர், கோவை

இருக்கும். அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 1966-ல் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை, எல்லோருக்கும் இருபது வயதை ஒட்டி, மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்து இதயமும் மூச்சும் எவ்வளவு தளர்கிறது என்று அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 ஆகியிருந்தது, ஆனால் முப்பது வருட வயதை விட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அவர்கள் திறனை அதிகம் குறைத்திருந்தது! அப்புறம் ஆறு மாதம் நடை, மெது ஓட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும் ஐம்பது வயதில் அந்த ஐவரும் தங்கள் இருபது வயது அளவைத் திரும்ப எட்டினார்கள். நம்மைத் தளர வைப்பதில் வயதுக்கு இருக்கும் பங்கை விட உட்கார்ந்தே இருப்பதற்குப் பங்கு அதிகம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். பாஸ்டனில் தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கே எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துக் கால் பலத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டிய ஆய்வு 1990-ல் வந்தது. உங்களுக்கு 55 தானே.

சேருவதற்கு முன் பிரஷர், சுகர், ஈசிஜி பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, தலைச்சுற்றல் எப்போதாவது வந்திருந்தால் முதலில் மருத்துவர், பிறகுதான் ஜிம். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்காதீர்கள், பிரஷர் சட்டென்று ஏறும். வாரம் இரண்டு நாள் போதும். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் எப்போது கடைசியாக வியர்த்தான் என்று கேளுங்கள்.

கேள்வி: 58 வயது, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. நடை, யோகா எல்லாம் சரியாகச் செய்கிறேன். ஆனால் சாயங்காலம் பேச ஆள் இல்லை. இதைக் கேட்பதே கூச்சமாக இருக்கிறது. – ஒரு வாசகர், சேலம்

கூச்சமே வேண்டாம், இந்த முறை வந்ததில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கடிதம் உங்களுடையது. ஹார்வர்டில் 1938-லிருந்து ஒரு தொகுதி ஆண்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். எண்பது வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார்கள் என்பதை ஐம்பது வயதுக் கொலஸ்ட்ராலை விட, அந்த வயதில் உறவுகளில் அவர்களுக்கு இருந்த நிறைவுதான் நன்றாகச் சொன்னது.

நம் ஆண்கள் வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு என்று ஓடும்போது முதலில் விட்டுவிடுவது சிநேகிதர்களைத்தான், சண்டை போட்டு விடுவதில்லை, 'அப்புறம் பேசலாம்' என்று பதினைந்து வருடம் போய்விடும். ஓய்வு பெற்ற பிறகு தேடலாம் என்று இருக்காதீர்கள், ஆபீஸ் இருக்கும்போதே தொடங்குங்கள். தனியாக நடக்கிற நடையை ஒருவரோடு நடக்கிற நடையாக மாற்றுவது சுலபமான முதல் படி. பார்க்கில் தினமும் எதிரே வருகிறவரிடம் ஊர் எது என்று கேட்டால் போதும், சேலத்துக்காரர்கள் பேசிவிடுவார்கள். ஷட்டில், கேரம், ரத்ததான முகாம், கோயில் உழவாரப்பணி, எதுவானாலும் வாரத்தில் ஒரே கிழமை ஒரே நேரம் இருக்கட்டும், வரவில்லை என்றால் 'ஏன் வரலை' என்று கேட்க ஓர் ஆள் இருக்கட்டும்.

கடிதத்தில் ஈரோட்டில் இருக்கும் கல்லூரி நண்பரைப் பற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். சேலத்திலிருந்து பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஃபோன் போடுங்கள், பேசியதை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.