லேப்டாப் மைக் ஊமையானால்: லினக்ஸ் கேள்வி பதில்

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: புது லேப்டாப்புல டெபியன் லினக்ஸ் போட்டேன். ஸ்பீக்கர்ல சத்தமே இல்ல. ஒரு வீடியோல சொன்ன வரிய சேத்தேன், ஸ்பீக்கர் வந்துட்டு. இப்ப மைக்க காணல அண்ணாச்சி. (பாளையங்கோட்டை)

பதில்: அந்த வரிதான் மைக்கை விழுங்கியிருக்கிறது. டிரைவர் அமைப்புகள் இருக்கும் மோட்புரோப் டாட் டி கோப்புறையில் 'டிஎஸ்பி டிரைவர் = 1' என்று எழுதியிருப்பீர்கள். 1 என்றால் பழைய ஹெச்டிஏ இயக்கி (டிரைவர்). ஸ்பீக்கரும் ஹெட்போனும் ரியல்டெக் ஒலி சிப்பில் தொங்குகின்றன, அதோடு பேச இந்த இயக்கி போதும். ஆனால் இப்போது வரும் இன்டெல் லேப்டாப் பலவற்றில் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது டிஜிட்டல் மைக். அதன் இணைப்பு ரியல்டெக்குக்குப் போவதில்லை. நேரே இன்டெல் சிப்புக்குள் இருக்கும் ஒலிச் செயலிக்குப் போகிறது. அந்தச் செயலியை எழுப்ப 'சோஃப்' ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றும் மென்பொருள்) வேண்டும். அது இல்லாததால்தான் முதலில் ஸ்பீக்கரும் வரவில்லை.

அந்த வரியை அழித்துவிட்டு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்ட்' கொடுங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இந்த மாதிரி ஃபர்ம்வேர்கள் நிறுவல் ஐஎஸ்ஓவிலேயே வருகின்றன. 11 என்றால் மென்பொருள் மூலப் பட்டியலில் 'நான்-ஃப்ரீ' பகுதியைச் சேர்த்தால்தான் கிடைக்கும். ஃபெடோராவில் இதன் பெயர் 'அல்சா-சோஃப்-ஃபர்ம்வேர்', ஆர்ச்சில் 'சோஃப்-ஃபர்ம்வேர்'.

பிறகு ரீஸ்டார்ட் கொடுக்காமல் முழுதாக அணைத்துவிட்டுப் போடுங்கள். 'ஏரெக்கார்ட்', இடைவெளி, கழித்தல் குறி, 'எல்' என்று தட்டினால் வரும் பட்டியலில் 'டிமிக்' (டிஜிட்டல் மைக்) என்ற சொல் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் மைக் இல்லாதவரை செட்டிங்ஸில் எந்த ஒலியளவுக் கோட்டை இழுத்தும் பயனில்லை. கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால் அணைக்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வருவதுதானே முறை.

கேள்வி: என்னோடது ஏஎம்டி ரைசன் சிப். அந்தப் பட்டியல்ல டிமிக்கே இல்ல. (பேட்டை)

பதில்: ரைசன் 6000 வரிசையிலும் அதற்குப் பின்னும் வந்த பல லேப்டாப்புகளில், எந்த மாடலில் டிஜிட்டல் மைக் இருக்கிறது என்பதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் ஒரு பட்டியல்தான் சொல்கிறது. உங்கள் மாடல் அதில் ஏறியிருக்காவிட்டால் மைக் இல்லை என்றே கெர்னல் நினைத்துக்கொள்ளும். புதிய கெர்னலுக்கு மாறிப் பாருங்கள். டெபியனில் பேக்போர்ட்ஸ் (நிலையான பதிப்புக்குப் புதிய மென்பொருள் தரும் களஞ்சியம்) வழியாகக் கிடைக்கும். சிஸ்டத்தையே அழித்து மறுபடி அதே பதிப்பைப் போடுவது வீண் வேலை.

கேள்வி: பழைய லேப்டாப். ஆடாசிட்டில ரெக்கார்ட் பண்ணா நல்லா கேக்கு. மீட்டிங்ல பேசினா ஒண்ணுமே கேக்கலங்காவ. (அம்பாசமுத்திரம்)

பதில்: பதிவைப் பெரிதாக்கி, இடது அலையையும் வலது அலையையும் மேலும் கீழுமாக ஒப்பிடுங்கள். இடதில் மேடு வரும் இடத்தில் வலதில் பள்ளம் வந்தால் வலது சேனல் தலைகீழாக இருக்கிறது. ஸ்டீரியோவாகக் கேட்கும்போது காதுக்கு இது தெரியாது. மீட்டிங் செயலி இரண்டையும் கூட்டி ஒரே சேனலாக அனுப்பும். ஒன்றும் கழித்தல் ஒன்றும் கூடினால் பூஜ்யம்தான். சில பழைய மாடல்களில் தயாரிப்பிலேயே இப்படி அமைந்துவிட்டது.

'பாவுகன்ட்ரோல்' என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியை நிறுவி, இன்புட் டிவைசஸ் பக்கம் போங்கள். மைக்குக்கு மேலே இருக்கும் பூட்டுச் சின்னத்தை அழுத்தினால் இடதும் வலதும் தனித்தனியாக நகரும். வலதை 0 ஆக்குங்கள். ஒலி பாதியாகக் குறையும், அதற்கேற்ப இடதை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைக் இருக்குன்னு காட்டுது, ஆனா அசைய மாட்டேங்கு. (வண்ணார்பேட்டை)

பதில்: டெர்மினலில் 'அல்சாமிக்சர்' திறந்து, எஃப் 6 அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். எஃப் 4 அழுத்தினால் பதிவுப் பக்கம் வரும். 'கேப்சர்' கோட்டில் நின்று ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சிவப்பு எழுத்து தோன்ற வேண்டும். கூடவே கீபோர்டில் மைக்கை மூடும் விசை இருக்கிறதா, பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) மைக் அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டெல், திங்க்பேட் பயாஸ்களில் அதற்குத் தனி இடமே உண்டு.

கேள்வி: கோயில் கொடைக்கு வர முடியாதவங்களுக்காக வில்லுப்பாட்ட மீட்டிங்ல விடுதோம். பாட்டு கேக்கு, குடமும் உடுக்கையும் அப்பப்ப செத்துப் போகுது. (களக்காடு)

பதில்: மைக் சரியாகத்தான் இருக்கிறது. செயலியின் இரைச்சல் நீக்கிக்குப் பேச்சுதான் ஒலி, மற்றதெல்லாம் குப்பை. குடத்து அடியை மேசை தட்டும் சத்தமாக எடுத்துக்கொண்டு வெட்டிவிடுகிறது. கூகுள் மீட்டின் ஆடியோ செட்டிங்ஸில் அதை அணையுங்கள். ஜூம் என்றால் 'ஒரிஜினல் சவுண்ட்' போடுங்கள்.

அணைத்ததும் அடுத்த தொல்லை வரும். ஒலி அளவு மீறிக் கரகரக்கும். அப்படிக் கரகரத்து அலை தட்டையான ஒலியைப் பிறகு எந்த எடிட்டராலும் சரியாக மீட்க முடியாது. அல்சாமிக்சரில் 'இன்டர்னல் மைக் பூஸ்ட்' இருந்தால் 0 வையுங்கள் (டிஜிட்டல் மைக்குக்கு அது பெரும்பாலும் இருக்காது). உச்ச ஒலி −12 டெசிபலைத் தொடும் அளவுக்குக் கேப்சரைக் குறையுங்கள். குழாய் ஸ்பீக்கருக்கு நேரே லேப்டாப்பை வைக்காதீர்கள்.

எங்களைக் கேட்டால், கொடைக்கு லேப்டாப் மைக்கே வேண்டாம். மிக்சரின் லைன் அவுட்டை, லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாகக் கொடுங்கள். பொதுத் தரப்படி செய்த கார்டு என்றால் லினக்ஸில் தனி டிரைவர் தேவையில்லை. லைன் அவுட்டை லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் நேரே செருகாதீர்கள். அது மைக்கின் சிறு மின்னழுத்தத்துக்கு ஆனது, லைன் அளவு வந்தால் கரகரப்புதான் மிஞ்சும்.

கேள்வி: ஹெட்செட்ட கழத்தினாலும் ஹெட்செட் மாட்டியிருக்குன்னே காட்டுது. உள்மைக் வேல செய்யல. (வள்ளியூர்)

பதில்: துளைக்குள் தூசியோ ஈரமோ புகுந்திருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் தொடுதகடு வளைந்திருக்கலாம். லேப்டாப்பை அணைத்துவிட்டு ஹெட்செட்டைப் பத்து முறை செருகி எடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் பாவுகன்ட்ரோலில் 'போர்ட்' என்ற இடத்தில் உள்மைக்கைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

மைக் துளையைச் சுத்தம் செய்யக் குண்டூசியும் வேண்டாம், ஏர் புளோயரும் வேண்டாம். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் மைக்கை மாற்றத்தான் வேண்டும். மெல்லிய பிரஷ் போதும். அதற்கும் முன்னால், கடையில் ஒட்டிய ஸ்கிரீன் கார்டு அந்தத் துளையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.