வேலைகள் மாறிக்கொண்டே இருக்கும்போது தொழிலாளர் உரிமையை அரசால் காப்பாற்ற முடியுமா?

முடியும். ஆனால் சட்டம் யாரைத் தொழிலாளி என்கிறதோ, அந்த வரையறைக்கு வெளியே ஆட்களைத் தள்ளிவிட முதலாளிக்கு வழி இருக்கும்வரை முடியாது. எங்கள் டெல்டா இதை ஒருமுறை பார்த்துவிட்டது.

1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளுக்கு, அதாவது ஒரே நிலக்காரரிடம் நிரந்தரமாக வேலை செய்யும் ஆளுக்கு, கூலியை நிர்ணயித்தது, நினைத்த மாத்திரத்தில் விரட்டக்கூடாது என்றது. மிராசுதார்கள் பலர் பண்ணையாள் வைப்பதையே விட்டுவிட்டு, அன்றாடக் கூலிக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்தார்கள். சட்டம் அப்படியே இருந்தது, அது காக்க வேண்டிய ஆள்தான் இல்லை. அந்தக் கூலிக்காரர்களுக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வர 1969 ஆனது. அதுவும், கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்த பிறகு. அந்தத் தாமதத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது திருவாரூர் பக்கம் வயலுக்கு வந்து பாருங்கள். அறுவடைக்கு வெளி மாவட்டத்து மிஷின், மணிக்கணக்கில் வாடகை, நடுவில் புரோக்கர். மிஷின் திரும்ப முடியாத வரப்போரத்தை மட்டும் பெண்கள் அரிவாளால் அறுத்துக் கொடுக்கிறார்கள். நடவை ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்துகூடக் குழுவாக வந்து நடுகிறார்கள். சேற்றில் ஒருவர் காலைப் பாட்டில் கண்ணாடி கிழித்தால் வைத்தியச் செலவு யாருடையது? நிலக்காரர் ஏஜெண்டைக் கைகாட்டுவார், ஏஜெண்ட் நிலக்காரரை. (இரண்டு ஏக்கரைக் கடனில் ஓட்டுகிற நிலக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை.)

கும்பகோணத்தில் சாப்பாடு டெலிவரி செய்யும் பையனுக்கும் இதே கதிதான். பைக் அவனுடையது, பெட்ரோல் அவனுடையது. செயலியில் அவன் கணக்கை முடக்கிவிட்டால் நேரில் போய்க் கேட்க ஓர் ஆள் கிடையாது.

இந்த இடத்தில் மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: செயலி வழியாக வேலை செய்யும் இவர்கள் தொழிலாளிகளா இல்லையா என்ற வாதம் முடியக் காத்திராமல், செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை இவர்களுக்கான நிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது. 2020-இல் நிறைவேறியும் 2025 நவம்பர் 21-இல்தான் அமலுக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், இவர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்துவிட்டது. சரி, ஆனால் வாரியம் தருவது உதவித்தொகை. கூலியையும் வேலை நேரத்தையும் காரணமில்லாமல் நீக்கப்படாமல் இருப்பதையும் அதனால் உறுதிசெய்ய முடியாது. அதற்குச் சட்டத்தில், கூலிப் பணம் யார் கை வழியாகப் போகிறதோ அவரே பொறுப்பு என்று இருக்க வேண்டும். செயலி நிறுவனமானாலும் சரி, நடவு ஏஜெண்டானாலும் சரி. ஏஜெண்ட் ஆள் இறக்கும் முன்பே பெயர், கூலி, விபத்துப் பொறுப்பு மூன்றையும் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுக்கட்டும். இதை அடுத்த குறுவைக்கே செய்யலாம்.