செம்பின் ஓர் அணு செம்பு நிறமா? அணு, தனிமம், சேர்மம்: கேள்வி பதில்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவன் நான். அணு, தனிமம், சேர்மம் பற்றி எவ்வளவு அடிப்படையான சந்தேகமாக இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாடப்புத்தக வரையறைகளை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை, அவை உங்கள் கையிலேயே இருக்கின்றன.

ஒன்பதாம் வகுப்பு மாணவி: சார், தனிமம், சேர்மம், கலவை மூன்றுக்கும் வரையறை சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு பொருளைக் காட்டி இது எது என்று கேட்டால் குழம்புகிறேன்.

குழம்பத்தான் செய்யும்மா. பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. பொருளை ஏதாவது செய்து பார்த்தால்தான் தெரியும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது 7 கிராம் இரும்புத்தூளையும் 4 கிராம் கந்தகப்பொடியையும் ஒரு தாளில் கலந்து பார். காந்தத்தைக் காட்டினால் இரும்பு மட்டும் எழுந்து வந்துவிடும். நீ கலப்பதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இரண்டும் இருக்கின்றன. இது கலவை.

அதையே சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால் ஓரிடத்தில் சிவந்து கனலத் தொடங்கும். அடுப்பை எடுத்துவிட்டாலும் அந்தக் கனல் தானாகவே உள்ளே பரவும். ஆறியதும் கிடைப்பது ஒரு கறுப்புக் கட்டி, இரும்பு சல்பைடு. இது சேர்மம். இதிலிருந்து காந்தத்தால் இரும்பைப் பிரிக்க முடியாது. முதல் கலவையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் இரும்பிலிருந்து ஹைட்ரஜன் வரும். கறுப்புக் கட்டியில் விட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும். அது நச்சு வாயு, அதனால் துளியளவு போதும், ஜன்னலையும் திறந்து வை.

ஏன் 7க்கு 4? இரும்பு அணுவின் நிறை 56, கந்தகத்தின் நிறை 32. ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் விகிதம் 7க்கு 4. நீ 10 கிராம் இரும்பு போட்டாலும் 7 கிராம்தான் சேரும், 3 கிராம் மிஞ்சி நிற்கும். தாளில் கலந்தபோது இந்தக் கண்டிப்பு எதுவும் இல்லை, எப்படி வேண்டுமானாலும் கலந்திருக்கலாம். செய்முறையில் அந்தக் கட்டி லேசாகக் காந்தத்தில் ஒட்டினால் பாடம் பொய் என்று நினைக்காதே. சேராத இரும்பு கொஞ்சம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். ஒட்டக்கூடாதே என்று மாணவர்கள் காந்தத்தை மறைப்பதைப் பார்த்திருக்கிறேன்!

நகைக்கடை ஊழியர்: 916 தங்கம் தனிமமா, சேர்மமா?

இரண்டும் இல்லை, உலோகக்கலவை. 24இல் 22 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்தில் 916. மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 18 காரட் என்றால் முக்கால் பங்குதான் தங்கம். இப்படி விகிதத்தை உங்கள் பட்டறையே கூட்டிக் குறைக்க முடிகிறதே, அதுவே இது சேர்மம் இல்லை என்பதற்குச் சாட்சி. எங்கு சுரண்டினாலும் ஒரே மாதிரி இருப்பதால் இதை ஒருபடித்தான கலவை என்கிறோம். பித்தளை, வெண்கலம் எல்லாம் இந்த வகைதான்.

பத்தாம் வகுப்பு மாணவர்: ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கின்றனவே, அப்படியானால் அது சேர்மம்தானே?

இல்லை தம்பி. சேர்ந்திருக்கிறதா என்பது கேள்வியில்லை, எத்தனை வகை அணு என்பதுதான் கேள்வி. ஒரே வகை என்றால் தனிமம், வெவ்வேறு வகைகள் இணைந்திருந்தால் சேர்மம். இரண்டு அணுக்கள் உள்ள ஆக்சிஜனும் தனிமம், மூன்று உள்ள ஓசோனும் தனிமம். இதையும் சேர்த்து வைத்துக்கொள்: எல்லாச் சேர்மத்திலும் மூலக்கூறு இருக்கும் என்பதும் தவறு. சாப்பாட்டு உப்பில் மூலக்கூறே கிடையாது. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்னூட்டம் அடைந்த அணுதான் அயனி) ஒன்றுவிட்டு ஒன்றாக எல்லாத் திசையிலும் அடுக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

அதே மாணவர்: செம்பை வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் கிடைக்கும் ஓர் அணுவும் செம்பு நிறமாக, பளபளப்பாக இருக்குமா?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். "தனிமத்தின் பண்புகளைக் கொண்ட மிகச்சிறிய துகள் அணு" என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் 'இருக்கும்' என்றே சொல்வார்கள். இருக்காது.

செம்பின் நிறம் ஓர் அணுவுக்குச் சொந்தமானது இல்லை. கோடானுகோடி அணுக்கள் நெருங்கி நிற்கும்போது, வெளிப்புற எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் தனிச்சொத்தாக இல்லாமல் கட்டி முழுவதும் உலவுகின்றன. அந்தக் கூட்டம் நீலமும் பச்சையுமான ஒளியை அதிகமாக விழுங்கிவிட்டு, சிவப்புப் பக்கத்து ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கம்பியாக நீள்வது, மின்சாரத்தைக் கடத்துவது, 1085 டிகிரியில் உருகுவது எல்லாமே கூட்டத்தின் குணங்கள்தான். தனி அணு உருகாது, நீளாது.

கூட்டாளி மாறினால் குணமும் மாறிவிடும். மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) இருப்பதும் அதே செம்புதான், ஆனால் நிறம் பளீர் நீலம். சூடாக்கினால் அதனோடு இணைந்திருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய் வெள்ளைப் பொடியாகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். பென்சில் முனையில் உள்ள கிராஃபைட்டும் வைரமும் ஒரே கார்பன், அடுக்கு மட்டும்தான் வேறு.

அப்படியானால் செம்பு அணுவை செம்பு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அணுக்கருவில் உள்ள 29 புரோட்டான்கள். மயில்துத்தமானாலும் கம்பியானாலும் அந்த 29 மாறுவதில்லை. எந்த அமிலமும் எந்த அடுப்பும் அதைத் தொட முடியாது.

இல்லத்தரசி, இரண்டு குழந்தைகளின் தாய்: சோடியம் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும், குளோரின் விஷம் என்று பையன் படிக்கிறான். அப்புறம் எப்படி உப்பைச் சோற்றில் போடுகிறோம் என்று கேட்கிறான். என்ன சொல்வது?

போன பதிலின் தொடர்ச்சிதாங்க இது. குளோரின் எவ்வளவு கொடியது என்றால், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர ஊருக்கு அருகே ஜெர்மன் படை அதைத்தான் ஆயுதமாகத் திறந்துவிட்டது. சோடியத்தின் வேகம் முழுவதும் அதன் கடைசிச் சுற்றில் இருக்கும் ஒரே ஓர் எலக்ட்ரானால் வருவது, அதை யாரிடமாவது தள்ளிவிடப் பார்க்கும். குளோரினுக்கு ஓர் எலக்ட்ரான் குறைச்சல், கிடைத்தால் பிடுங்கிக்கொள்ளும். இரண்டும் சந்தித்தால் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. சோடியத்தில் 11 இருந்தது 10 ஆகிறது, குளோரினில் 17 இருந்தது 18 ஆகிறது. அதன்பிறகு இரண்டுக்குமே யாரையும் தாக்க அவசியம் இல்லை. நீங்கள் சோற்றில் போடுவது அந்த அயனிகளை.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் அயோடினும் இப்படித்தான். அந்தக் கருநீலப் படிகம் உப்பில் கிடையாது. நம் நாட்டில் பொட்டாசியம் அயோடேட் என்ற சேர்மத்தைத்தான் கலக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பது ஆணி இரும்பு இல்லை, பெரும்பாலும் ஃபெரஸ் சல்பேட், நாட்டு மருந்தில் அன்னபேதி என்பார்களே அதே உப்புதான். பாலில் இருக்கும் கால்சியமும் உலோகமாக இல்லை. உலோகக் கால்சியத்தைத் தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் நுரைத்துக்கொண்டு வரும். பையன் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறான், திட்டிவிடாதீர்கள்.

பி.ஏ. வரலாறு மாணவர்: அணுவைப் பார்க்கவே முடியாத காலத்தில், அது இருக்கிறது என்று எப்படிச் சொன்னார்கள்?

தராசை வைத்து. வேதியியலின் ஆரம்பகாலச் சாமர்த்தியம் முழுக்க எடை போடுவதில்தான் இருக்கிறது. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த இரண்டு வாயுக்கள் உண்டு. 12 கிராம் கார்பனோடு ஒன்றில் 16 கிராம் ஆக்சிஜன், மற்றதில் 32 கிராம். சரியாக இரண்டு மடங்கு. 19, 23 என்று இடையில் எதுவும் ஏன் வருவதில்லை? ஆக்சிஜன் முழுசு முழுசான துண்டுகளாகத்தான் சேர முடியும் என்றால் மட்டுமே இதற்கு அர்த்தம் உண்டு. ஒன்று சேரலாம், இரண்டு சேரலாம், ஒன்றேகால் சேர முடியாது. இங்கிலாந்தின் ஜான் டால்டன் 1808இல் வெளியிட்ட நூலில் இந்த வாதத்தை விரிவாக வைத்தார்.

அவர் சறுக்கிய இடமும் சுவாரசியமானது. தண்ணீரில் ஹைட்ரஜன் ஒரு பங்கு எடை என்றால் ஆக்சிஜன் 8 பங்கு. டால்டன் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்ததாக வைத்துக்கொண்டார். அப்படியானால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைப் போல 8 மடங்குதான் என்று வரும். உண்மையில் ஹைட்ரஜன் இரண்டு, ஆகவே 16 மடங்கு. வாயுக்களின் கன அளவை வைத்து இதைத் தீர்க்க இத்தாலியின் அவகாட்ரோ 1811இலேயே வழி சொல்லிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1860இல் கார்ல்ஸ்ரூ நகர மாநாட்டில் கன்னிசாரோ அதை எடுத்துப் பேசியபிறகுதான் அணு நிறைகள் ஒழுங்குக்கு வந்தன. அரை நூற்றாண்டு வீணாய்ப் போனது என்றே சொல்வேன்.

இன்று அணுக்களைப் படமெடுக்கவே முடிகிறது. பின்னிக், ரோரர் இருவரும் 1981இல் சூரிச்சில் உருவாக்கிய ஊடுருவு நுண்ணோக்கிக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. 1989இல் அந்தக் கருவியைக் கொண்டே 35 செனான் அணுக்களை நகர்த்தி ஐபிஎம் என்று எழுதிக் காட்டினார்கள்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி: குளோரினின் அணு நிறை 35.5. அரை நியூட்ரான் உண்டா?

கிடையாது. அணுக்கருவில் புரோட்டானும் அதனோடு இருக்கும் நியூட்ரானும் முழுசு முழுசாகத்தான் வரும். 35 நிறையுள்ள எந்தக் குளோரின் அணுவும் 35தான், 37 என்றால் 37தான். இயற்கையில் நான்கில் ஏறக்குறைய மூன்று 35, ஒன்று 37. மூன்று 35ஐயும் ஒரு 37ஐயும் கூட்டினால் 142, நான்கால் வகுத்தால் 35.5. அட்டவணையில் இருப்பது சராசரி. 35.5 நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட உலகில் இல்லை.

அதே மாணவி: ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10. கனமானது முன்னால் வந்துவிட்டதே?

தனிம அட்டவணையில் வரிசை எடையால் இல்லை, புரோட்டான் எண்ணிக்கையால், அதாவது அணு எண்ணால். ஆர்கான் 18, பொட்டாசியம் 19. அட்டவணையை உருவாக்கிய ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் எடையை வைத்துத்தான் அடுக்கினார், ஆனால் குணம் ஒத்துவராத இடங்களில் எடையைவிடக் குணத்தை நம்பினார். அந்தத் துணிச்சல்தான் அவர். காலியாக விட்ட கட்டத்துக்கு 1875இல் கேலியம் வந்து சேர்ந்தது. கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் அடர்த்தியை 4.7 என்று அளந்தார். அந்தப் பொருளைப் பார்த்தேயிராத மெண்டலீவ், 5.9 பக்கம் இருக்கவேண்டும், சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள், 5.9.

அணு எண்ணுக்கு எக்ஸ் கதிர் வழியாக ஆதாரம் தந்தவர் ஹென்றி மோஸ்லி, 1913இல். இரண்டே வருடத்தில், 27 வயதில், கலிப்பொலி போர்க்களத்தில் சுடப்பட்டு இறந்தார்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்: மொத்தத் தனிமங்கள் எத்தனை, திரவம் எத்தனை?

118. கடைசியாகச் சேர்ந்த நான்குக்கு 2016இல் பெயர் வைத்தார்கள். 25 டிகிரியில் திரவம் இரண்டு: பாதரசம், புரோமின். நம் ஊர் மே மாதத்தில் கேலியமும் உருகி ஓடும், அதன் உருகுநிலை 30க்கும் சற்றுக் குறைவுதான். ஆனாலும் விடைத்தாளில் இரண்டு என்றே எழுதுங்கள்.

ஒரு தந்தை: மகளை 118 குறியீடுகளையும் மனப்பாடம் செய்யச் சொல்லட்டுமா?

வேண்டாம். முதல் 20ம், புழங்குகிற உலோகங்கள் பத்தும் போதும். அந்த நேரத்தில் இணைதிறனை, அதாவது ஓர் அணு மற்ற அணுக்களோடு எவ்வளவு சேரும் என்று காட்டும் எண்ணை, பழக்குங்கள். அலுமினியத்துக்கு 3, ஆக்சிஜனுக்கு 2. இரண்டு பக்கமும் சமமாக 6 வரவேண்டுமானால் அலுமினியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. இது புரிந்துவிட்டால் நூறு வாய்பாடுகளை அவளே எழுதுவாள். சோடியத்துக்கு என்ஏ, இரும்புக்கு எஃப்இ என்று குறியீடு ஒட்டாமல் இருப்பது லத்தீன் பெயர்களால். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்: கையில் கிடைக்காத தனிமத்தைச் சூரியனில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஹீலியத்தைக் கேட்கிறீர்கள் ஐயா. அதில் நம் பக்கத்துச் சம்பந்தமும் இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரான்சின் ஜான்சென்னும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார்கள். சூடான வாயு ஒவ்வொன்றும் தனக்கென்று சில நிறக்கோடுகளைக் காட்டும். சூரிய விளிம்பின் ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் கோடுகளோடு ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டில் லண்டனில் கிரகணமில்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்த லாக்யர், அது புதுத் தனிமம் என்றார். பூமியில் ராம்சே அதைப் பிரித்தெடுத்தது 1895இல்தான்.

ஏழாம் வகுப்பு மாணவர்: தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிகளில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கிறதா?

இல்லை கண்ணா, அது நீராவி, தண்ணீரேதான். மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, எந்த மூலக்கூறும் உடையவில்லை. உடைந்து ஹைட்ரஜன் வந்தால் பக்கத்தில் எரியும் அடுப்பில் அது வெடித்துவிடும். தண்ணீரை நிஜமாகவே பிரிக்க வேண்டுமானால், அதில் சிறிது அமிலம் சேர்த்து மின்சாரம் செலுத்த வேண்டும். அப்போது ஒரு குழாயில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, மற்றதில் ஆக்சிஜன் ஒரு பங்கு சேரும்.

சூட்டினால் எதுவுமே பிரியாது என்று முடிவு கட்டிவிடாதே. சுண்ணாம்புக் காளவாயில் 900 டிகிரி அளவுக்கு எரிக்கும்போது சுண்ணாம்புக்கல் உடைகிறது. நூறு கிலோ சுத்தமான கல் போட்டால் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ கிடைக்கும், மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகையோடு போய்விடும். கல் உள்ளே போகும்போதும் சுண்ணாம்பு வெளியே வரும்போதும் எடை போட்டால் நீயே இதைச் சரிபார்க்கலாம்.