புது டாக்டரின் கருத்தை வைத்து அப்பீல்?

இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை வழக்கில் தோற்றுவிட்டேன், இப்போது வேறொரு நிபுணர் "டாக்டர் மேல்தான் தவறு" என்று எழுதித் தரத் தயார், அப்பீல் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அப்பீல் கோர்ட்டில் விசாரணையை மறுபடி முதலிலிருந்து நடத்த மாட்டார்கள். 1954 லாட் எதிர் மார்ஷல் தீர்ப்பின்படி, முயன்றிருந்தால் அப்போதே கிடைத்திருக்கும் சாட்சியத்தைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். அவரை அன்றைக்கே அழைத்திருக்கலாமே என்பார்கள்!

சரி, தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். ஆபத்தை முன்பே சொன்னார்களா என்ற கேள்வியை, 'மற்ற டாக்டர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்' என்று முடித்திருக்கிறாரா நீதிபதி? அந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2015 மான்ட்கோமரி வழக்கில் தள்ளிவிட்டது. அது சட்டப் பிழை, பிடித்துக்கொள்ளலாம். நீதிபதி வேறு கெடு சொல்லாவிட்டால் அப்பீல் போட உங்களுக்கு 21 நாள்தான். அனுமதியும் வாங்க வேண்டும்.