ஆவி வேட்டையும் ஆள் வேட்டையும்

கேள்வி: எடின்பரோவில் மேற்படிப்புப் படிக்கும் என் மகன், நண்பர்களோடு இரவு பத்து மணிக்கு கிரேஃபிரையர்ஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டத்துக்கு ‘ஆவி வேட்டை’க்குப் போய் வந்திருக்கிறான். பூட்டிக் கிடக்கும் பகுதியைத் திறந்து உள்ளே அழைத்துப் போனார்களாம். ஒரு கல்லறை மாடத்துக்குள் நின்றபோது கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டதாம். விடுமுறையில் ஊருக்கு வரும்போது பழவேற்காட்டு டச்சுக் கல்லறையிலும் இப்படி ஓர் இரவு வேட்டை நடத்தப் போவதாகச் சொல்கிறான். ஆவிகள் உண்டா? அவனை அனுமதிக்கலாமா?
— வாசகி ஒருவர், பொன்னேரி

பதில்: ஆவிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், உங்கள் மகன் கழுத்தில் குளிர்ச்சியை உணர்ந்தான் என்பதை அப்படியே நம்புகிறேன். அதே எடின்பரோவில், சவுத் பிரிட்ஜ் பாலத்துக்கு அடியில் இருக்கும் நிலவறைகளுக்கு ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் பொதுமக்களை அனுப்பி, அவர்கள் உணர்ந்ததையெல்லாம் எழுதி வாங்கி, அந்த ஆய்வை 2003இல் வெளியிட்டார். பேய் நடமாட்டத்துக்குப் பெயர் போன அறைகள் எவை என்று முன்பின் அறியாதவர்களுக்கும் அந்த அறைகளில்தான் உடல் சிலிர்த்தது. அறையின் பரப்புக்கும் உயரத்துக்கும் வெளிச்சத்துக்கும் அந்தச் சிலிர்ப்புக்கும் தொடர்பு இருந்தது. இடம் உண்மையிலேயே மனிதரை ஏதோ செய்கிறது. அதற்கு இறந்தவர் எவரும் எழுந்து வர வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ‘ஆவி’ அல்ல, ‘வேட்டை’ என்ற சொல். வேட்டை என்றால் துரத்துகிறவன் ஒருவனும் துரத்தப்படுகிற உயிர் ஒன்றும் இருக்க வேண்டும். உங்கள் மகன் நின்ற அந்த மண்ணில் உண்மையான வேட்டைகள் நடந்திருக்கின்றன. அவற்றில் துரத்தப்பட்டவர்கள் மனிதர்கள்.

அரசர்தான் திருச்சபைக்கும் தலைவர் என்பதை ஏற்க மறுத்த ஸ்காட்லாந்து மக்கள், 1638 பிப்ரவரியில் இந்தக் கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தில்தான் தங்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 1679 ஜூனில் பாத்வெல் பாலத்துச் சண்டையில் அந்த உடன்படிக்கையின் வழிவந்தவர்கள் தோற்றபோது, ஏறத்தாழ 1,200 பேர் சிறைபிடிக்கப்பட்டு எடின்பரோவுக்கு ஓட்டி வரப்பட்டனர். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் இதே தோட்டத்தை ஒட்டிய திறந்த வெளியில், மேலே கூரையில்லாமல், அன்றாடம் கிடைத்த சிறு ரொட்டித் துண்டை நம்பி, கோடையிலிருந்து நவம்பர்க் குளிர் வரை அடைத்து வைக்கப்பட்டார்கள். கடைசிவரை பணியாமல் எஞ்சியவர்களில் சுமார் 250 பேரை அமெரிக்கக் காலனிகளுக்கு அனுப்பக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் டிசம்பரில் ஆர்க்னி தீவுக் கரையில் பாறையில் மோதி உடைந்தது. அடித்தளக் கதவு பூட்டியிருந்ததால் உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய 200 பேர் மூழ்கி இறந்தார்கள். உங்கள் மகனுக்காகப் பூட்டைத் திறந்து காட்டிய இடத்தை, அந்தக் கைதிகளின் நினைவாக, ‘உடன்படிக்கையாளர் சிறை’ என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

அவர்களைத் தண்டிக்க முன்நின்ற அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மக்கென்சியும் 1691இல் இறந்தபின் இதே தோட்டத்தில்தான் அடக்கமானார். ஊரார் அவருக்கு ‘இரத்தம் தோய்ந்த மக்கென்சி’ என்று பெயர் வைத்தார்கள். குவிமாடம் கொண்ட அவருடைய கல்லறையின் சாவித் துவாரத்தில் வாயை வைத்து, ‘தைரியம் இருந்தால் தாழ்ப்பாளைத் தூக்கிக்கொண்டு வெளியே வா’ என்று கத்திவிட்டு ஓடுவது அந்த ஊர்ச் சிறுவர்களின் வழக்கம். இன்றைக்கு இரவுச் சுற்றுலாக்காரர்கள் விற்கும் பேய் இவருடையதுதான். பிற்காலத்தில் ஸ்காட்லாந்து தேசிய நூலகமாக வளர்ந்த வழக்கறிஞர் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் இவரே என்பது, ஒரு புத்தகப் பித்தனாக எனக்கு ஜீரணிக்க முடியாத செய்தி. அவர் மாடத்துக்குள் 2003இல் இறங்கிய இரண்டு இளைஞர்கள், அங்கிருந்த ஒரு சடலத்தின் தலையை எடுத்து வந்து விளையாடி, கல்லறையைக் குலைத்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நின்றார்கள். வேட்டை என்ற சொல்லை வாயில் போட்டுக்கொண்டு இருட்டில் போகிறவர்கள் எதுவரை போவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது வேட்டை பிணங்களுக்காக நடந்தது. எடின்பரோவின் உடற்கூறியல் வகுப்புகளுக்குச் சடலங்கள் போதவில்லை. புதைத்த இரவிலேயே தோண்டி எடுத்து விற்கிறவர்கள் பெருகினார்கள். பகலில் போனால், அதே தோட்டத்தில் தரையோடு தரையாக இரும்புக் கம்பிக் கூண்டுகளை உங்கள் மகன் பார்க்கலாம். சுற்றுலாவில் அவற்றைப் பேயை அடைத்து வைக்கும் கூண்டு என்று எவரேனும் சொல்லியிருந்தால், அது உண்மையல்ல. உடல் அழுகி, விலை போகாத நிலைக்கு வரும்வரை அதைக் காப்பதற்காக உறவினர்கள் வாடகைக்கு எடுத்துப் போட்ட கூண்டு அது. அதற்கும் காசில்லாதவர்கள் குழிமேட்டில் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு அதே மண்ணருகே காவல் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனை நினைத்துப் பார்த்தபின், அந்தத் தோட்டத்தில் பொழுதுபோக்குக்காக அலறிக் கூச்சலிட யாருக்கு மனம் வரும்? 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர் தோண்டும் சிரமம்கூட இல்லாமல், உயிரோடிருந்த 16 பேரைக் கொன்றே விற்றார்கள். அதற்குப் பிறகுதான், 1832இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமும், உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிட்டதே தவிர, ஏழையை விட்டுவிடவில்லை.

பழவேற்காட்டிலும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. அங்கே 1613இல் எழுந்த டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை, மனிதர்களும் ஏறினார்கள். 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படைகளின் சூறையாடலும் பஞ்சமும் தஞ்சைச் சீமையை வாட்டியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளின் வழியாக டச்சுக் கம்பெனி குறைந்தது 8,000 முதல் 10,000 பேரை அடிமைகளாக வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள், சிலர் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும் போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் கல் இல்லை. எழுத்து வெட்டிய கல்லெல்லாம் வாங்கி விற்றவர்களின் தரப்புக்கே கிடைத்தது.

கல்லறைக் கற்களின் மேல் பெயின்ட் அடிப்பவர்களையும் காதலி பெயரைக் கீறுபவர்களையும் கண்டித்து நான் இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம், ‘செத்துப்போன வெள்ளைக்காரனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள்’ என்று கடிதங்கள் வருகின்றன. அந்த நண்பர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். யார் எந்த ஆண்டு இங்கே என்ன பதவியில் இருந்தார் என்பதற்கு அந்தக் கல் ஒரு சாட்சி. அது அழிந்தால் நம்மவர்களை விற்ற கணக்கின் ஒரு பக்கமும் சேர்ந்தே அழியும். சாட்சியைக் காப்பாற்ற வேண்டிய தேவை பாதிக்கப்பட்டவன் பக்கத்துக்குத்தான் அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில் நான் அந்தப் பழவேற்காட்டுக் கல்லறைக்குப் போனேன். வாசலில் செதுக்கி நிறுத்தியிருக்கும் கல் எலும்புக்கூடுகளைத் தாண்டி உள்ளே நுழைந்து, ஒரு பெரிய பலகைக் கல்லின் முன் உட்கார்ந்தபோது, உச்சி வெயிலில் அது வெறும் சாம்பல் நிறப் பரப்பாகவே தெரிந்தது. விரலால் தடவினால் மேடு தட்டியதே தவிர, கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. மாலை ஐந்து மணி வாக்கில் வெயில் சாய்ந்து கல்லின் மேல் பக்கவாட்டில் விழத் தொடங்கியதும், ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நின்றது. டச்சு மொழியில் முதல் வரி ‘ஹியர் லெய்ட் பெக்ராவன்’, அதாவது ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்’. கல்வெட்டு படிப்பவர்களுக்கு இது பழகிய உத்திதான். தேய்ந்த எழுத்துக்கு முன்னால் விளக்கை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது, கல்லை உரசுவதுபோல் தாழ்த்திச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஆவி தேடுகிறவர்கள் கையிலுள்ள டார்ச்சை எப்போதும் நேராக முகத்துக்கு முன்னால்தான் நீட்டுகிறார்கள்.

ஆகவே, அம்மா, இரவு வேட்டைக்கு அனுமதிக்காதீர்கள். பழவேற்காட்டுக் கல்லறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், பொழுது சாய்ந்தபின் உள்ளே நுழையக் கூடாது. கல்லைச் சிதைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பையனைப் பகலில் அனுப்புங்கள், நண்பர்களும் கூடப் போகட்டும். நாலரை மணிக்கு உள்ளே இருக்கும்படி பொன்னேரியிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பிவிடச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும், கல்லின் மேல் சாக்பீஸோ மாவோ தடவ வேண்டாம். படிக்க முடிந்த பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதி எனக்கு அனுப்பினால், அதை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.