கணக்கு மாஸ்டரிடம் கேளுங்கள்: கடை பில்லில் ஒரு டிராகன்

கேள்வி: கடதாசிப் பட்டியை மடித்து விரித்தால் 'டிராகன் வளைகோடு' வரும் என்று வகுப்பில் சொன்னார்களாம். மகன் இரண்டு நாளாக மடிக்கிறான். ஆறு தடவைக்கு மேல் மடியவில்லை, டிராகனையும் காணோம். புத்தகத்தில் உள்ள பெரிய படம் எப்படி வந்தது?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: ஆறு வரை போனதே பெரிய காரியம். ஏழாவதில் 128 தட்டு சேர்ந்துவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வளையுமே தவிர மடியாது. 2002இல் கலிபோர்னியாவில் பிரிட்னி கலிவன் என்ற மாணவி 12 தடவை மடித்துக் காட்டினார். அதற்குப் போன டொய்லெட் பேப்பர் சுமார் 1.2 கிலோமீற்றர்! காலிமுகத்திடலின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

மகனுக்கு நாலு மடிப்பே போதும். நான் சூப்பர் மார்க்கெட் பில்லில்தான் செய்வேன்; நீளம், மெல்லிசு, இலவசம். ஒவ்வொரு தடவையும் வலது முனையை இடது முனையின் மேல் கொண்டுவந்து மடிக்க வேண்டும். பிள்ளைகள் பிழைவிடுவது இங்கேதான். பட்டியைக் கையில் திருப்பிவிடுவார்கள். பிறகு விரித்து, ஒவ்வொரு மடிப்பும் 90 பாகையில் நிற்க, பட்டியின் விளிம்பு மேசையில் படும்படி நிறுத்துங்கள். முதலில் ஃபானை நிறுத்திவிடுங்கள். (என் மூன்றாவது டிராகன் பறந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.) மேலிருந்து பார்த்தால் ஒரு சின்னச் சதுரம் மூடிக்கொண்டிருக்கும். அங்கே பட்டி தன் மூலையைத் தானே தொடுகிறது, ஆனால் குறுக்கே வெட்டாது. எத்தனை மடிப்புப் போனாலும் வெட்டாது.

இனி பில்லை விடுங்கள்; புத்தகத்தில் உள்ள பெரிய படம் மடித்து வந்ததல்ல, விதிப்படி வரைந்தது. பட்டியின் மேல் ஓர் எறும்பு ஊர்ந்தால், ஒரு மடிப்பில் அது திரும்புவது 'வலது'. இரண்டில் 'வலது, வலது, இடது'. மூன்றில் 'வ வ இ வ வ இ இ'. இருக்கிற வரிசைக்குப் பின்னால் ஒரு வலது. அப்புறம் அதே வரிசையைக் கடைசியிலிருந்து, வலதை இடதாகவும் இடதை வலதாகவும் மாற்றி எழுதுவது. அவ்வளவுதான் விதி. கடதாசி களைத்தாலும் பென்சில் களைக்காது. சதுர ரூல் கொப்பியில் எட்டாவது படிவரை போகட்டும்: 255 திருப்பம். மூலைகளைக் கொஞ்சம் வளைத்து வரையச் சொல்லுங்கள், தொடும் இடங்களில் வழி தப்பாது.

1966இல் நாசாவில் இருந்த ஜோன் ஹெய்வே கண்டது இது. அடுத்த வருடம் கணிதப் புதிர்களை எழுதும் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிபிக் அமெரிக்கன்' சஞ்சிகையில் தன் பத்தியில் எழுத, ஊரெல்லாம் பரவிவிட்டது.

கேள்வி: இந்த டிராகனின் ஓரத்துக்குப் பரிமாணம் 1.52 என்கிறார்கள். பரிமாணம் எப்படித் தசமத்தில் வரும்?
– உயர்தர மாணவன், பம்பலப்பிட்டி

பதில்: நேர்கோட்டை இரு மடங்கு பெருப்பித்தால் அளவு 2 மடங்கு, அதாவது 2இன் முதலாம் அடுக்கு. சதுரத்தை அப்படிச் செய்தால் 4 மடங்கு, 2இன் இரண்டாம் அடுக்கு. அந்த அடுக்குதான் பரிமாணம். இந்த ஓரத்தைச் செய்தால் ஏறக்குறைய 2.87 மடங்கு. 2இன் எத்தனையாம் அடுக்கு 2.87 என்று கல்குலேட்டரில் தட்டிப் பாரும், தம்பி.